நோய் எதிர்ப்புச் செல்களை ஆளும் என்சைம்களுக்கும் ஆட்டோஇம்யூன் நோய்க்கும் என்ன தொடர்பு?

உங்கள் அக்காவுக்கு முடக்குவாதம் (நோய் எதிர்ப்புச் செல்களே சொந்த மூட்டுகளைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்) என்று சொல்லி ஜாக் வகை மாத்திரை எழுதியிருக்கிறார்கள், அது ஏதோ என்சைமைத் தடுக்குமாம் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே, "எதிர்ப்பு சக்தி கூடிப்போனதுதான் நோய் என்றால், அதைக் குறைத்தால் சரியாகிவிடாதா?" என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முடக்குவாதம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மருத்துவர் இல்லை, உயிர்வேதியியல் படித்தவள். நோய் முற்றியிருந்த நாட்களில் காலையில் விரல் மடங்காது. பற்பசை ட்யூபை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் பிதுக்குவேன். சட்டைப் பொத்தான் துளைக்குள் போகவே போகாது. ஒரு மணி நேரம் கழிந்துதான் கை மெல்ல விடும். ஏன் இப்படி என்று தேடித் தேடிப் படித்ததில் புரிந்ததை எழுதுகிறேன்.

நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல், ஒரு புரதத் துண்டைத் தன் ஏற்பியால் தொட்டுப் பார்க்கிறது. தொட்டவுடன், செல்லுக்கு உள்ளே இருக்கும் ஏற்பியின் வாலில் எல்சிகே என்ற என்சைம் பாஸ்பேட் என்ற சிறு வேதிக்குழுவை ஒட்டுகிறது. ஒட்டிய இடத்தில் ஜாப்-70 என்ற இன்னொரு என்சைம் வந்து உட்காருகிறது, அது அடுத்த புரதங்களில் பாஸ்பேட் ஒட்டுகிறது. இப்படியே செய்தி அணுக்கரு வரை போகிறது. ஒட்டுகிற என்சைம்களுக்குக் கைனேஸ் என்று பெயர், கழற்றுகிறவற்றுக்குப் பாஸ்பட்டேஸ். ஒட்டுவதும் கழற்றுவதும் ஓயாமல் கூடவே நடக்கும். எது மிஞ்சுகிறதோ அதை வைத்துத்தான் அந்தச் செல் பாய்வதா, சும்மா இருப்பதா என்பது முடிவாகிறது.

கழற்றுகிற கூட்டத்தில் பிடிபிஎன்22 என்ற மரபணு தரும் என்சைம் ஒன்று. அதன் அமினோ அமிலச் சங்கிலியில் 620-வது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோபன் வந்துவிட்டால் முதல் வகை நீரிழிவுக்கும் முடக்குவாதத்துக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். உடலின் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸுக்கும் தைராய்டைத் தாக்கும் கிரேவ்ஸ் நோய்க்கும்கூட அதில் பங்கு இருப்பது பிறகு தெரிந்தது. ஒரே வீட்டில் ஒருவருக்குத் தைராய்டு, ஒருவருக்கு மூட்டு என்று வருவதற்கு இப்படிப்பட்ட பொதுவான மாற்றங்களும் ஒரு காரணம். ஆனால் இந்த மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நோயும் வருவதில்லை.

என் எண்ணத்தைப் புரட்டிப் போட்டது ஓர் எலி. ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சியின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு அது. (2025-ல் மருத்துவ நோபல் பெற்ற மூவரில் ஒருவர் அவர்.) அந்த எலிகளில் ஜாப்-70 பழுதாகி, டி செல்லுக்குள் போகும் செய்தி பலவீனமாகிவிட்டிருந்தது. செய்தி குறைந்தால் சண்டையும் குறையவேண்டும் அல்லவா? அவற்றுக்கு முடக்குவாதம் போன்ற மூட்டுநோய் வந்தது! காரணம் தைமஸ் சுரப்பியில் இருக்கிறது. சொந்த உடலைத் தாக்கக்கூடிய டி செல்களை இளம் பருவத்திலேயே களையெடுக்கிற இடம் அது. அங்கே யார் சொந்த உடலின் புரதத்தை அதிகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துத்தான் களைகிறார்கள். செய்தியே மங்கலாக இருந்தால் களை எது, பயிர் எது என்று தெரியாமல் போகிறது. அதே எலிகளைக் கிருமிகள் இல்லாத சுத்தமான கூண்டில் வளர்த்தபோது நோய் வரவில்லை. பூஞ்சையின் செல்சுவரில் உள்ள பொருளைச் செலுத்தியதும் வந்தது. ஆக, பழுதான என்சைமோடு வெளியிலிருந்து ஒரு தூண்டுதலும் சேரவேண்டியிருந்தது.

அதனால்தான் "எதிர்ப்பு சக்தி கூடிப்போச்சு" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

முடக்குவாதத்துக்கென்றே இன்னொரு என்சைம் கதை உண்டு. அக்காவின் ரிப்போர்ட்டில் ஆன்டி-சிசிபி என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். வெள்ளணுக்களில் உள்ள பேட் என்ற என்சைம் புரதத்தில் இருக்கும் ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றுகிறது. சொந்தப் புரதம்தான், ஆனால் முகம் மாறிவிடுகிறது. சிலருடைய உடல் அதை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. அதைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. மூட்டு வலிக்கத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே அது ரத்தத்தில் இருக்கலாம். புகைப்பவர்களின் நுரையீரலில் இந்த மாற்றம் கூடுதலாக நடக்கிறது. அக்கா வீட்டில் யாராவது புகைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். சைட்டோகைன் என்ற தூதுப் பொருள் செல்லின் வாசலைத் தட்டியதும் உள்ளே செய்தியைக் கடத்துபவை ஜாக் என்சைம்கள். ஜாக்1, ஜாக்2, ஜாக்3, டிக்2 என மொத்தம் நான்கு. ஜாக்3 இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குச் சாதாரணக் கிருமியே உயிருக்கு ஆபத்தாகிறது. ஜாக்2 இல்லாமல் சிவப்பணு உற்பத்தி நடக்காது. இவ்வளவு முக்கியமான இடத்தில்தான் மருந்து கை வைக்கிறது. அதனால்தான் ஹீமோகுளோபினையும் வெள்ளணுக்களையும் கல்லீரலையும் கொழுப்பையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

ஜாக்கைத் தடுக்கும் இந்த வகையில் நான் எடுப்பது டோஃபாசிடினிப். அமெரிக்காவில் 2012-ல் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒருமுறை காய்ச்சலுக்காக மருத்துவர் நிறுத்தச் சொன்னார். நாலாம் நாள் காலை பற்பசை ட்யூப் மறுபடி உள்ளங்கைக்கு வந்துவிட்டது. மருந்து என்சைமைப் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். நோயின் வேர் அப்படியே இருக்கிறது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, மறைக்கவும் மனமில்லை: 50 வயதைத் தாண்டி, மாரடைப்புக்கான அபாயக் காரணியும் உள்ளவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் இந்த மருந்தோடு மாரடைப்பும் சில புற்றுநோய்களும் சற்று அதிகமாகத் தெரிந்தன. 2021-ல் எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள். அக்காவின் வயது, புகைப்பழக்கம், முன்பு ரத்தக்கட்டு வந்ததா என்பதையெல்லாம் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். தொடங்கும் முன் காசநோய் சோதனை செய்தார்களா, அக்கிக்குத் தடுப்பூசி தேவையா என்றும் கேளுங்கள். உறவினர்கள் கொண்டுவரும் 'இம்யூனிட்டி பூஸ்டர்' பொடிகளை மருத்துவரிடம் காட்டாமல் அக்கா சாப்பிடவேண்டாம். காய்ச்சலோ, விடாத இருமலோ, ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளமோ வந்தால் அன்றைக்கே மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள்.