போலீஸ் ஆக முடியாவிட்டால் இந்தப் படிப்பு வீணா?

கேள்வி: குற்றவியல் நீதி இளங்கலை, கடைசி வருஷம் படிக்கிறேன். தடயவியல் ஆய்வகத்தில் சேரும் ஆசையில்தான் எடுத்தேன். கண்பார்வை காரணமாகச் சீருடை வேலை கிடைக்காது. "அப்புறம் இதை எதற்குப் படித்தாய்?" என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யட்டும்?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் ரத்தக்கறையையும் போதைப்பொருளையும் பரிசோதிப்பவர்கள் பெரும்பாலும் வேதியியலோ உயிரியலோ படித்தவர்கள். அந்த ஆசை விடவில்லை என்றால் நீங்கள் அறிவியலை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். சேரும்போதே இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டதில் எனக்குக் கோபம்தான் வருகிறது. போலீஸ் வேலைக்கோ பல இடங்களில் ஏதோ ஒரு பட்டம் போதும், சில இடங்களில் பள்ளிப் படிப்பே போதும். அந்த வேலைக்கென்றே ஆன படிப்பு இல்லை இது என்று வீட்டில் சொல்லுங்கள்.

சரி, எங்கே எடுபடும்? என்னைக் கேட்டால் நன்னடத்தை அலுவலர் வேலையில். சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்ட ஒருவரை அடிக்கடி சந்தித்து, வேலைக்குப் போகிறாரா, குடியை விட்டாரா, வீட்டில் சேர்த்துக்கொண்டார்களா என்று பார்ப்பது, தீர்ப்புக்கு முன் அவர் பின்னணியை நீதிபதிக்கு அறிக்கையாக எழுதித் தருவது, இதெல்லாம் அந்த வேலை. ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளி 1841-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நீதிமன்றத்தில் ஒரு குடிகாரருக்கு ஜாமீன் நின்று ஆரம்பித்த வழக்கம், கடைசிவரை 1,900 பேருக்கு மேல் அவர் அப்படி நின்றார். ஆட்களோடு பொறுமையாகப் பேச வருமென்றால் இதையே பிடியுங்கள், ஆனால் தலைக்கு மேல் வழக்குகள் இருக்கும், மனசு களைத்துப்போகும், தெரிந்தே போங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்புகள், சிறார் இல்லங்கள் எல்லாம் இதே பக்கம்தான், சமூகப்பணியில் முதுகலை முடித்தால் இன்னும் நல்லது.

கணக்கு பிடிக்குமா? திருட்டு எந்தத் தெருவில் எந்த நேரத்தில் நடக்கிறது என்று பார்க்கும் குற்றத் தரவுப் பகுப்பாய்வு இருக்கிறது. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் மோசடியைக் கண்டுபிடிக்கவே தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் வெறும் பட்டத்தோடு போனால் எடுக்கமாட்டார்கள், எக்ஸெல், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல் மொழி, கொஞ்சம் புள்ளியியல் கையில் இருக்க வேண்டும்.

கடைசி வருஷம் முடியும் முன் எங்காவது பயிற்சிக்குச் சேருங்கள், சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை. விடுமுறையில் ஒரு வாரம் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள், பெரும்பாலான வழக்குகளை யாரும் பார்க்கலாம். அங்கே உங்கள் கண் வக்கீல் மேல் போகிறதா, கூண்டில் நிற்பவர் மேலா, வெளியே காத்திருக்கும் அவர் அம்மா மேலா என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.