ஒரு குழுவைச் சேர்ந்திருப்பது நம் அடையாளத்தையும் தன்மதிப்பையும் எப்படி மாற்றுகிறது?

நாமே போய்ச் சேர்ந்த குழுவைவிட, அடுத்தவர்கள் நம்மைப் பிடித்துப் போட்ட குழுதான் ஆளை அதிகம் மாற்றும் என்பேன்.

அரசுப் பள்ளியில் படித்தவரை 'தமிழ் மீடியம்' எனக்கு ஓர் அடையாளமே இல்லை. ஊரில் எல்லாரும் அதுதானே! பொறியியல் கல்லூரியில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்ன அன்றுதான், அப்படி ஒரு கூட்டம் இருப்பதும் நான் அதில் ஒருவன் என்பதும் தெரிந்தது. மூளை அதேதான். ஆனாலும் பின் பெஞ்சுக்குப் போனோம், சந்தேகம் கேட்பதை விட்டோம்.

ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்தவர். போலந்து யூதர், போர்க்கைதியாக இருந்து பிழைத்தவர், குடும்பத்தைப் பறிகொடுத்தவர். பிரிஸ்டல் பள்ளி மாணவர்களை வைத்து அவர் நடத்திய சோதனை 1970இல் வெளிவந்தது. க்ளீ, காண்டின்ஸ்கி இருவரில் யார் ஓவியம் பிடித்தது என்பதை வைத்துப் பிரித்ததாகப் பையன்களிடம் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டு. தன் குழுவில் யார் யார் என்றுகூடத் தெரியாது. அப்படியும் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னால் தன் குழுவுக்குத்தான் சாய்ந்தார்கள். நமக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரி, அவர்களைவிட அதிகம் இருந்தால் போதும் என்ற கணக்கு!

சரி, மட்டமாகப் பார்க்கப்படும் குழுவில் மாட்டிக்கொண்டவர் என்ன செய்வார்? தாஜ்ஃபெலும் அவர் மாணவர் ஜான் டர்னரும் 1979இல் சொன்ன வழிகள் எல்லாமே எங்கள் விடுதியில் இருந்தன. ஒருவன் எங்களோடு சாப்பிட உட்காருவதையே நிறுத்தி, அறையிலும் ஆங்கிலமே பேசினான். சிலர் துறைத் தலைவரிடம் போய், தமிழிலும் விளக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதற்குத் தைரியம் வேண்டும், எனக்கு இல்லை. என்னைப் போன்றவர்கள் அளவுகோலையே மாற்றிக்கொண்டோம்: "இங்கிலீஷ் கிடக்கட்டும், எம்-டூ கணக்கைப் போட்டுக் காட்டு பார்ப்போம்." தேர்வுக்கு முந்தின ராத்திரி கான்வென்ட் பையன்கள் லாப்லாஸ் கணக்கோடு எங்கள் அறைத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். சொல்லித் தருவதெல்லாம் தமிழில்தான். எனக்குத் தலை நிமிர்ந்தது அங்கேதான்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. எங்களிலேயே கணக்கு வராத ஒருவன் இருந்தான். அளவுகோலை மாற்றியதில் அவன் பாடுதான் திண்டாட்டம். அந்தப் பக்கமும் ஒட்ட முடியவில்லை, இந்தப் பக்கமும் ஒட்ட முடியவில்லை. கல்லூரிக் கபடி அணியில் இடம் கிடைத்த பிறகுதான் மெஸ்ஸில் எங்கள் மேசைக்கே வந்தான், அதுவும் அணிப் பையன்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு.