கடல் செய்தியைப் பகிர்வது எப்படி? மண்டபம் டீச்சர் பதில்கள்

டீச்சர், நீங்கள் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் அறிவியல் செய்தி எழுதுவதைப் பார்த்து நானும் கணக்குத் தொடங்கினேன். நாலு பேர்கூடப் படிப்பதில்லை. ஊரே ஃபேஸ்புக்கில் இருக்கும்போது இங்கே எதற்கு எழுத வேண்டும்?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

ஃபேஸ்புக்கில் எழுதுவதை நிறுத்தாதேம்மா. அங்கேதான் உன் சொந்தபந்தம் இருக்கிறது. ஆனால் அங்கே உன் பதிவு யார் கண்ணில் எப்போது பட வேண்டும் என்பதை அந்த நிறுவனத்தின் நிரல்தான் முடிவு செய்கிறது. சினிமாச் செய்தி இரண்டு நாள் பிந்தினால் ஒன்றும் ஆகாது. அலை எச்சரிக்கை பிந்தினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். மாஸ்டடானில் நாம் பின்தொடர்பவர்கள் எழுதியது எழுதிய நேர வரிசையிலேயே வரும். இடையில் விளம்பரமும் வராது.

இதை 2016-இல் ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ என்ற இளைஞர் தொடங்கினார். இதற்கு ஒரே முதலாளி கிடையாது. பதிவுகளைச் சேமித்து இயக்கும் கணினிகளான சர்வர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு; அவற்றைத் தனியாட்களும் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் நடத்துகிறார்கள். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைத் தரமாக ஏற்றது.

ஒரே முதலாளி இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2023 ஏப்ரலில் பார்த்தோம். அமெரிக்க வானிலைத் துறை தன் சுனாமி, புயல் எச்சரிக்கைகளைத் தானியங்கி முறையில் ட்விட்டரில் போட்டுவந்தது. ட்விட்டரின் புது நிர்வாகம் தானியங்கிப் பதிவுகளுக்கு வரம்பு வைத்ததும், எல்லா எச்சரிக்கையையும் இனிப் போட முடியாது என்று அந்தத் துறையே அறிவிக்க வேண்டியதாயிற்று. பிறகு அரசுக் கணக்குகளுக்கு மட்டும் வரம்பைத் தளர்த்தினார்கள். உயிர் காக்கும் செய்தி ஒருவருடைய வியாபார முடிவை நம்பி நிற்கக் கூடாது. நான் மாஸ்டடானில் எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான்.

நாலு பேர் பிரச்சினைக்கு வருகிறேன். மாஸ்டடானில் ஆட்கள் பெரும்பாலும் ஹேஷ்டேக் (# குறியிட்ட சொல்) வழியாகத்தான் தேடுவார்கள். 'மன்னார்வளைகுடா', 'பாக்நீரிணை' என்று இடைவெளி விடாமல், ஒவ்வொரு முறையும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடு. படத்துக்கு இரண்டு வரி விளக்கம் எழுது. கண் தெரியாதவர்களுக்குக் கைப்பேசி அதைப் படித்துக் காட்டும். வெறும் படத்தைப் பகிர அங்கே பலர் தயங்குவதும் உண்டு.

நீளமான வெள்ளி மீன் வலையில் வந்தால் சுனாமி வரும் என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. அம்மா தொழிலுக்குப் போக விடமாட்டேன் என்கிறார்கள். உண்மையா டீச்சர்? இல்லை என்றால், எப்படி எழுதினால் சனங்கள் நம்புவார்கள்?
– விசைப்படகுத் தொழிலாளி, தங்கச்சிமடம்

உண்மை இல்லை தம்பி. அது துடுப்பு மீன். பல நூறு மீட்டர் ஆழத்தில் வாழ்வது. நோய்ப்பட்டோ நீரோட்டத்தில் சிக்கியோ எப்போதாவது மேலே வந்துவிடும். ஜப்பானில் இந்த நம்பிக்கை பழையது. அதனால் அந்த நாட்டு ஆய்வாளர்களே உட்கார்ந்து சரிபார்த்தார்கள். 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் கரைப்பக்கம் தென்பட்ட 336 செய்திகளை, ரிக்டர் 6-க்கு மேற்பட்ட 221 நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது ஒன்றே ஒன்று. 2019-இல் அந்த முடிவை வெளியிட்டார்கள்.

இதை எழுதும்போது 'பொய், நம்பாதீர்கள்' என்று தொடங்காதே. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2004-ஐக் கண்ணால் பார்த்தோம். உன் அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை மதித்துத்தான் பேச வேண்டும். முதலில் மீனைப் பற்றிச் சொல், எவ்வளவு ஆழத்தில் இருக்கும், ஏன் மேலே வரும் என்று. பிறகு ஜப்பான் கணக்கு. கடைசியாக, சுனாமி எச்சரிக்கை நமக்கு எங்கிருந்து வரும் என்பது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனத்தில் 2007-இலிருந்து சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2025 ஜூலை 30 விடியற்காலை, நம் நேரப்படி ஐந்து மணி வாக்கில், ரஷ்யாவின் கம்சாட்காவில் 8.8 அளவு நிலநடுக்கம் வந்தது. பசிபிக் கரையெல்லாம் ஆட்களை மேடான இடத்துக்கு அனுப்பினார்கள். இந்தியக் கரைக்கு ஆபத்து இல்லை என்று இன்காய்ஸ் அறிவித்தது. ஆபத்து இருந்தால் எச்சரிக்க வேண்டியவர்களே, ஆபத்து இல்லாதபோது 'இல்லை' என்றும் சொல்கிறார்கள் என்பதை அம்மாவிடம் எடுத்துச் சொல்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பத்துக் குழுவுக்குப் போய்விட்டால், பிறகு அது தப்பு என்று தெரிந்தாலும் திரும்ப இழுக்க வழியில்லை. மாஸ்டடானில் பதிவைத் திருத்தினால், அதைப் பகிர்ந்த ஒவ்வொருவருக்கும் 'இது திருத்தப்பட்டது' என்று அறிவிப்புப் போகும். முன்பு என்ன எழுதியிருந்தது என்பதையும் பார்க்கலாம். வதந்தி ஓடும் கரையில் இருந்துகொண்டு சொல்கிறேன், இந்த ஒரு வசதிக்காகவே அங்கே எழுதலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கைப் படத்தை அப்படியே மாஸ்டடானில் போட்டால் போதாதா?
– மீன் கம்பெனிக் கணக்கர், ஏர்வாடி

போதாது. என் கைப்பேசிக்கு வந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். மேலே சிவப்பில் உயர் அலை எச்சரிக்கை, நடுவில் ராமநாதபுரம் மாவட்டத்தின் பெயர், இத்தனை மீட்டர் உயரம் என்ற கணக்கு, எல்லாம் தெளிவாக இருந்தது. கீழே எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று போட்டிருக்கும் பட்டையை மட்டும் யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அது போன வாரத்துப் படமா, இன்றைக்குரியதா? அதைப் பார்த்து ஒருவர் வல்லத்தை மேலே ஏற்றிவைத்து ஒருநாள் பிழைப்பை இழப்பார். இன்னொருவர் இதுவும் பழசுதான் என்று நினைத்து, உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் கடலில் இருப்பார்.

உயர் அலை விஷயத்தில் இது இன்னும் மோசம். நம் கரையில் காற்றே இருக்காது, வானம் வெறிச்சென்று இருக்கும். தெற்கே இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த புயலால் கிளம்பிய அலை, பல நாள் பயணம் செய்து நம் தென்கடலில் ஏறும். வானத்தைப் பார்த்துக் கணிக்கிற பெரியவர்களின் அனுபவத்துக்கும் அது பிடிபடாது. ஆகவே எழுத்தில் போடுங்கள்: யார் அறிவித்தது, எந்தக் கரைக்கு, எந்தத் தேதி எந்த மணி வரை, மூல அறிவிப்பின் இணைப்பு. நேரம் முடிந்ததும் அதே பதிவைத் திருத்தி 'காலம் முடிந்தது' என்று சேர்த்துவிடுங்கள்.

எந்த சர்வரில் சேர்வது? நடத்துகிறவர் மூடிவிட்டால் என் எழுத்து என்ன ஆகும்?
– பள்ளி ஆசிரியர், தொண்டி

மூடப்பட்ட சர்வர்கள் உண்டு. சேரும் முன் அதன் 'பற்றி' பக்கத்தைப் படியுங்கள். யார் நடத்துகிறார்கள், விதிகள் என்ன, செலவை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அங்கே எழுதியிருப்பார்கள். பிடிக்காவிட்டால் வேறு சர்வருக்கு மாறலாம், பின்தொடர்பவர்களும் கூடவே வந்துவிடுவார்கள். பழைய பதிவுகள் மட்டும் வராது. அதனால் நகலை அவ்வப்போது தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அங்கே அனுப்பும் தனிச்செய்தி பூட்டிய கடிதம் இல்லை. சர்வர் நடத்துகிறவர் நினைத்தால் பார்க்க முடியும். வீட்டு ரகசியத்தை அதில் எழுத வேண்டாம்.

புளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளமும் இதே மாதிரிதானா?
– தேவிபட்டினம் வாசகர்

நோக்கம் கிட்டத்தட்ட ஒன்று, விதிமுறை வேறு. 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தார்கள். விஞ்ஞானிகள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள், படிக்கப் போங்கள். ஆனால் பெரும்பகுதி இன்னமும் ஒரே நிறுவனத்தின் கணினிகளில்தான் ஓடுகிறது.

எனக்கு இதிலெல்லாம் கணக்கு இல்லை. படிக்க மட்டும் முடியுமா டீச்சர்?
– பாசி எடுக்கும் பெண், பாம்பன் சின்னப்பாலம்

முடியும் தங்கச்சி. பொதுவாகப் போடும் பதிவுகளைக் கணக்கு இல்லாமலே கைப்பேசியில் திறந்து படிக்கலாம். ஒரு காசு கேட்க மாட்டார்கள்.

ஆனால் நீ எழுத வேண்டும் என்பது என் ஆசை. 2024 ஏப்ரலில், உலகம் முழுக்கப் பவளப்பாறைகள் வெளுக்கின்றன, இது நான்காவது முறை என்று அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா அறிவித்தது. தண்ணீர் சூடேறினால் பவள உயிரி தன் உடம்புக்குள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் போகும், சாப்பாடும் போகும். நான் இதைத் தமிழில் எழுதிப் போட்டேன். ஆனால் நம் தீவுப் பக்கத்துப் பாரில் எந்த மாதத்தில் தண்ணீர் சுட்டது, எந்தப் பாசி குறைந்தது என்பது இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற உனக்குத்தான் தெரியும். தேதியோடு எழுதி வைத்தால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆவுளியா (கடல் பசு), கடல் அட்டை பார்த்தால் படம் போடலாமா?
– நாட்டுப்படகு மீனவர், மூக்கையூர்

படம் போடலாம், இடம் போடாதீர்கள். கடல் அட்டையைப் பிடிப்பதற்கு 2001 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் நம் கரையிலிருந்து கடத்தல் நிற்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். எந்தத் தீவுக்கு எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதினால், அதை முதலில் குறித்துக்கொள்கிறவர் கடத்தல்காரராக இருக்கலாம். ஆவுளியாவுக்கும் இதே விதிதான். 'மன்னார் வளைகுடா' என்ற அளவோடு நிறுத்துங்கள். மாதத்தைச் சொல்லுங்கள், நாளைச் சொல்ல வேண்டாம். கைப்பேசிக் கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். பின்னால் தெரியும் கலங்கரை விளக்கத்தையும் தீவின் மரங்களையும் வெட்டிவிட்டுப் போடுங்கள். துல்லியமான இடத்தை வனத்துறைக்கும், இங்கே மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கும் நேரில் சொல்லிவிடுங்கள்.