தனி ஆளாக எலக்ட்ரானிக் ஸ்பேஸ் ராக் (விண்வெளியில் மிதப்பது போன்ற நீண்ட ராக் இசை) ஆல்பம் செய்து, நாமே வெளியிட முடியுமா?

முடியும், நானும் செய்திருக்கிறேன். பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் ஜான் மிஷல் ஜார் 1976-இல் வெளியிட்ட ஆக்ஸிஜீன் ஆல்பம், வீட்டில் அமைத்த ஸ்டூடியோவில் எட்டு ஒலித்தடம் கொண்ட டேப்பில் பதிவானது. இன்று ஒரு சாதாரண லேப்டாப்பே அதைவிடப் பல மடங்கு செய்யும். அதனால் கருவியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். தனி ஆளுக்கு உண்மையான தலைவலி வேறு: ஒரு டிராக் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லப் பக்கத்தில் ஆள் கிடையாது.

பேண்டில் டிரம்மருக்குச் சலித்துவிட்டால் ஒரு ரோல் போட்டு எல்லாரையும் அடுத்த கட்டத்துக்கு இழுத்துப் போவார். சீக்வென்சருக்கு, அதாவது கொடுத்த சுரங்களைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவிக்கு, சலிப்பே வராது. எட்டு சுரம் கொடுத்தால் விடிய விடிய அதையே சுற்றும். ஹெட்ஃபோனில் நமக்கு அது சொக்கலாகத்தான் இருக்கும். கேட்பவர் எப்போதோ எழுந்து போயிருப்பார்.

எனக்குப் பிடிபட்ட வழி, சீக்வென்சரை ஓடவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒரே டேக்கில் கையால் செய்வது. ஒரு கை ஃபில்டர் நாபில் (ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் திருகு), இன்னொரு கை டிலேயில் (எதிரொலி தரும் கருவி). இந்தத் திருகு மாற்றங்களைக் கணினியில் மவுஸால் ஆட்டோமேஷனாக வரைந்தால் ஒலி சீராக ஏறும். கை தயங்கும், கொஞ்சம் மிஞ்சிப் போய்த் திரும்பி வரும். உயிர் அதில்தான் இருக்கிறது. டான்ஜரின் ட்ரீம் என்ற ஜெர்மன் குழு 1974-இல் வெளியிட்ட ஃபீட்ரா ஆல்பத்தைக் கேளுங்கள். மோக் சிந்தசைசர் சூடேறச் சுருதி நகர்ந்ததுகூட அப்படியே பதிவில் இருக்கிறது.

டிலேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். பீட்டுக்கு இரண்டு சுரமாக சீக்வென்சர் ஓடும்போது டிலேயை 375 மில்லிசெகண்டில் வைத்தால், எதிரொலிகள் சுரங்களுக்கு நடு இடைவெளியில் போய் விழும். வேகம் இரட்டித்தது போலக் கேட்கும். ஃபீட்பேக்கை (எதிரொலி மறுபடி டிலேக்குள் போகும் அளவு) மேலும் ஏற்றினால் டிலே தானாகவே ஊளையிட ஆரம்பிக்கும். அந்த நேரம் டிலேயின் டைம் நாபைத் திருகினால் சுருதி வழுக்கிக்கொண்டு போகும். பழைய டேப் எக்கோவில் டேப்பின் வேகம் மாறுவதால் வந்த ஒலி இது, இன்றைய பிளகின்கள் (கணினியில் ஓடும் ஒலி மென்பொருள்கள்) பலவும் அதைப் பின்பற்றுகின்றன. முதலில் ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர் போட்டுவிடுங்கள், காது முக்கியம். கிட்டார் வாசிப்பவர் என்றால் அதைக் கடைசியில், முழு டிராக்கையும் ஓடவிட்டு வாசியுங்கள்.

சரி, வெளியீடு. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம். பதினெட்டு நிமிட டிராக்கை முழுக்கக் கேட்டாலும் அதே ஒரு ஸ்ட்ரீம்தான். 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத டிராக்குக்கு ராயல்டியும் இல்லை. இதனால் நீண்ட டிராக்கைத் துண்டு துண்டாக நறுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நறுக்கினால் ஸ்பேஸும் போய்விடும், ராக்கும் போய்விடும். முழு ஆல்பத்தையும், கலைஞர்கள் நேரடியாக இசை விற்கும் தளமான பேண்ட்கேம்பில் போட்டு, ஸ்ட்ரீமிங்குக்கு மட்டும் சுருக்கிய ஒரு வடிவம் கொடுங்கள். டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் 15% எடுக்கும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. வாங்குபவர் ஆல்பமாகவே வாங்குவார்.

மாஸ்டரை (வெளியீட்டுக்கான இறுதிப் பதிவு) சத்தமாக்க நெரிக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை சராசரியாக மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் குறைத்துத்தான் ஒலிக்கவிடும். இரைச்சல் மிஞ்சாது, அமைதியான பகுதிகள் நசுங்கியதுதான் மிஞ்சும்.

அப்புறம், விண்வெளி ஒலிகள். நாசாவின் பதிவுகளுக்குப் பெரும்பாலும் பதிப்புரிமை இல்லை, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாசா சின்னத்தை அட்டையில் போடக் கூடாது, அடையாளம் தெரியும் விண்வெளி வீரரின் குரலை விற்பனைக்குரிய ஆல்பத்தில் சேர்ப்பதும் சிக்கல். கவுண்ட்டவுன் குரலோடு ஆரம்பிக்கும் ஆல்பங்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கின்றன.