நேற்று ஏன் வரவில்லை?

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு வருடமாக நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. ஏழு நாள் முகாம் போகிறோம். கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம், எடுத்த இடம் பதிவான ஜியோடேக் படங்களை, கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்பில் சேர்க்கிறோம். அடுத்த வருடம் வேறு ஊர். நட்ட கன்று என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாது. படிப்பு கெடுகிறது என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், பிள்ளைகள் பேச்சையே குறைத்துவிட்டார்கள். ஒரு மாணவி மூன்று வாரமாக வரவில்லை. போன் செய்து கேட்டால் ‘சும்மாதான் மிஸ்’ என்கிறாள். பாடத்துக்கு ஒன்று, மனநல ஆலோசனைக்கு ஒன்று, நலப்பணித் திட்டத்துக்கு ஒன்று என்று மூன்று பதிவேடு வைத்திருக்கிறோம். இந்த முகாம்களால் பிள்ளைகளின் மனதுக்கோ படிப்புக்கோ உண்மையில் நல்லது நடக்குமா?

உதவிப் பேராசிரியை (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள பேராசிரியருக்கு,

நடக்கும் என்று நம்புகிறேன். எனக்கு நடந்தது. ஆனால் முகாமில் அல்ல.

1991இல் புதுக்கோட்டையில் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். முதல் வருடத்தில் நான்கு அரியர். விடுதி அறையில் பகலெல்லாம் படுத்துக் கிடப்பேன், இரவில் தூக்கம் வராது. அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே அப்போது தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் மாவட்டம் முழுக்கச் சூடுபிடித்திருந்த நேரம் அது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளும் பழகிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறை அண்ணன் ஒருவர், ‘சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கு வந்து நாலு எழுத்துச் சொல்லிக்கொடு’ என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சம்பளம் கிடையாது. நகரத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர், இரவு எட்டு மணிக்கு வகுப்பு. கல்குவாரி வேலை முடித்து, சோறாக்கி வைத்துவிட்டு வரும் பதினொரு பெண்கள்.

இரண்டு வாரம் போனேன். ஒருநாள் போகப் பிடிக்காமல் படுத்துவிட்டேன். மறுநாள் போனதும் ஓர் அக்கா கேட்டார்: ‘நேத்து ஏன் தம்பி வரல? லாந்தரைக் கொளுத்தி வச்சுக்கிட்டு ஒம்பதரை வரைக்கும் உக்காந்திருந்தோம்.’ அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கல்லூரியில் நான் வராத நாளில் விழுந்த ஆப்சென்ட் எத்தனையோ. நான் வராததால் யாரோ காத்திருந்தார்கள் என்று கேட்டது அன்றுதான். அதன் பிறகு நான் ஒருநாளும் நிற்கவில்லை. தூக்கமும் மெல்ல மெல்லத் திரும்பியது.

இன்னொன்றும் நடந்தது. அறிவொளிப் பாடத்தில் முதல் சொல்லே ‘பட்டா’. அம்மா, ஆடு என்று தொடங்காமல் பட்டா என்று தொடங்கியவர்களை இன்றும் மனதுக்குள் வணங்குகிறேன். அந்தச் சொல்லை எழுதப் பழகிய வாரமே அதே அக்கா கேட்டார்: ‘எங்க நிலத்துப் பட்டா செத்துப்போன மாமனார் பேர்லயே இருக்கு. எம் பேருக்கு எப்படித் தம்பி மாத்துறது?’ நிலச் சீர்திருத்தம் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு, பட்டா மாறுதலுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மறுநாள் அவரோடு கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். சிட்டா, அடங்கல், புல எண், உட்பிரிவு, வாரிசுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். அலைந்தோம். எட்டு மாதம் ஆயிற்று. இதைக் கேள்விப்பட்ட எங்கள் பேராசிரியர் ஒரு மணி நேர வகுப்பை என்னிடம் கொடுத்து, ‘நீ பார்த்ததைச் சொல்’ என்றார். கல்லூரியில் நான் வாய் திறந்து பேசிய முதல் நாள் அதுதான். அரியர்களில் மூன்றை அந்த வருடமே முடித்தேன்.

என் மனம் தேறியது, பொருளாதாரம் புரிந்தது, தாலுகா ஆபீஸ் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தது. இதில் எதை எந்தப் பதிவேட்டில் எழுதுவீர்கள்? எல்லாம் அந்த அக்கா கேட்ட கேள்விகளில் தொடங்கியதுதானே!

உங்கள் முகாமில் இல்லாதது இதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஊரில் உங்கள் பிள்ளைகளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஏழாம் நாள் வேன் கிளம்பிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 1969இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது அது. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் என்பது அதன் கணக்கு. முகாம் இதில் சேராது, தனி. அந்த 120 மணி நேரத்தை ஒரே ஊருக்குக் கொடுங்கள். பேருந்தில் அரை மணி நேரத்தில் போகக்கூடிய ஊராக இருக்கட்டும்.

என்ன வேலை என்று நீங்கள் தேட வேண்டியதே இல்லை. நீங்கள் வேதியியல், உங்கள் மாவட்டம் தருமபுரி. நிலத்தடி நீரில் கலந்து, அளவு மீறினால் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு உங்கள் காலடியில் இருக்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும், குழாயில் தண்ணீர் வராத நாளில் சனங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான் போவார்கள். உங்கள் வகுப்பிலேயே கறைபடிந்த பல்லை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அது தங்கள் தவறில்லை, ஊர்த் தண்ணீர் செய்தது என்று யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருப்பார்கள்?

மாதம் இருமுறை போய், அதே கிணறுகளில் மாதிரி எடுக்கட்டும். உங்கள் ஆய்வகத்தில், தண்ணீரில் சேர்க்கும் வேதிப்பொருளின் சிவப்பை ஃபுளோரைடு எவ்வளவு வெளிற வைக்கிறது என்று பார்த்து அளக்கட்டும். முடிவை ஒரு தாளில் எழுதி, கிணற்றுக்காரர் வீட்டில் அவர்களே போய்க் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். கொடுத்துவிட்டால், அடுத்த முறை அந்த வீட்டில் ‘போன தடவையைவிடக் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?’ என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. ஊர்க்காரர்கள் அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து, கேட்டால் விளக்கினால் போதும். இந்த அளவீட்டையே செய்முறைத் தேர்வுக் குறிப்பேட்டில் சேர்த்துவிட்டால் பெற்றோரின் குறையும் பாதி தீரும்.

அப்புறம், வராமல் போன அந்த மாணவி. இதில் நான் எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். 2022இல் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ‘சும்மாதான் மிஸ்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சேவைக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். நான் தப்பித்தது என் அதிர்ஷ்டம், அதை ஒரு வைத்தியமாக யாருக்கும் சொல்ல மாட்டேன். இந்த வாரமே அவள் வீட்டுக்குப் போய் அவளோடு தனியாகப் பேசுங்கள். தேவைப்பட்டால் மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, அவள் கையில் கொடுங்கள். இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

அவள் தேறி வந்ததும் கிணற்றுக் குழுவில் ஓர் இடம் வைத்திருங்கள். அவசரமில்லை. முதல் மாதிரியை எந்தக் கிணற்றில் எடுத்தீர்கள், அந்த வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.