பல் மருத்துவர் பதில்கள்: அலைனரும் மாதத் தவணையும்

கேள்வி: எனக்கு 27 வயது. மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் லேசாக எத்தலாக இருக்கின்றன. கீழ்வரிசையில் சற்று நெருக்கம் உண்டு. கைபேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்துப் பதிவு செய்தேன். அந்த நிறுவனத்தினர் வீட்டுக்கே வந்து ஸ்கேன் எடுத்துவிட்டு, பற்களின் மேல் கழற்றி மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் அச்சான அலைனருக்கு 1,20,000 ரூபாய் ஆகும், வட்டியில்லாத் தவணையாக மாதம் 10,000 கட்டினால் போதும், இந்த வாரத்துக்குள் ஒப்புக்கொண்டால்தான் இந்த விலை என்கிறார்கள். வீட்டருகே உள்ள பல் மருத்துவரோ கம்பிக் கிளிப்பே போதும், 45,000 ரூபாய்க்குள் முடியும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, கோவை

பதில்: இந்த வாரம் எதிலும் கையெழுத்திடாதீர்கள். பல் சீரமைப்பு அவசர சிகிச்சை அன்று. ஒரு மாதம் தள்ளிப்போவதால் உங்கள் பற்களுக்கு எந்தக் கேடும் வராது.

கம்பியானாலும் பிளாஸ்டிக்கானாலும் பல் நகரும் விதம் ஒன்றுதான். தொடர்ந்து மெல்லிய அழுத்தம் கொடுக்கும்போது, பல்லின் வேரைச் சுற்றியுள்ள எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் புதிதாக வளர்கிறது. அந்த வேகத்தில்தான் பல் நகரும். அலைனர் வரிசையில் அடுத்தடுத்து மாட்டும் ஒவ்வோர் அச்சையும் ட்ரே என்பார்கள். ஒரு ட்ரே ஒரு பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த ட்ரேவுக்கு மாற வேண்டும். சாப்பிடும் நேரமும் பல் துலக்கும் நேரமும் போக, நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் வரை அது வாயிலேயே இருக்க வேண்டும். அலுவலகத்தில் நான்கு முறை தேநீர் குடிப்பவராக இருந்தால் நான்கு முறையும் கழற்றி, வாய் கொப்பளித்து, மீண்டும் மாட்ட வேண்டும். ட்ரேவோடு சூடான தேநீர் குடித்தால் பிளாஸ்டிக் வளைந்துபோகும், கறையும் பிடிக்கும். இந்த ஒழுங்கு தம்மால் முடியாது என்று தோன்றுகிறவர்களுக்குக் கம்பிக் கிளிப்தான் நல்லது. நாம் மறந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

நீங்கள் சொல்லும் அளவிலான எத்தலுக்கும் நெருக்கத்துக்கும் பொதுவாக இரண்டு முறைகளுமே பலன் தரும். பல்லைப் பிடுங்கி இடைவெளியை மூட வேண்டியிருந்தாலோ, உருண்டையான வடிவுள்ள கோரைப்பல்லைப் பெரிதாகத் திருப்ப வேண்டியிருந்தாலோ, கம்பியில் கிடைக்கும் பிடிமானம் ட்ரேவில் எளிதில் கிடைக்காது. ஆனால் உங்கள் நிலை எது என்பதை வீட்டில் எடுத்த ஸ்கேனை மட்டும் வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. ஈறுக்கு மேலே தெரியும் பகுதியைத்தான் ஸ்கேன் காட்டும். வேரின் நீளமும் எலும்பின் உயரமும் அதில் தெரியாது. அதற்குப் பற்களையும் தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் செஃபலோகிராம் எக்ஸ்ரே, ஈறின் ஆழத்தைக் கருவியால் அளந்து பார்க்கும் பரிசோதனை ஆகிய மூன்றும் வேண்டும். ஈறு நோய் இருப்பது தெரியாமல் பல்லை நகர்த்தினால் பல் ஆட்டம் கண்டுவிடும்.

ஆகவே முதலில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது மருத்துவரைத்தான், அலைனரின் பெயரை அன்று. உங்கள் சிகிச்சைத் திட்டத்தை வகுத்தவர் யார், அவர் பி.டி.எஸ். முடித்த பின் பல் சீரமைப்பில் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவரா, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் அவருடைய பதிவு எண் என்ன, சிகிச்சை முடியும் வரை உங்கள் வாயைத் திறந்து பார்க்கப்போகிறவர் அவர்தானா என்று அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். அருகிலுள்ள மருத்துவரிடமும் இதையே கேட்கலாம்; பல மருத்துவமனைகளில் வாரம் ஒருமுறை வந்துபோகும் நிபுணர்தான் கிளிப் போடுவார், அதில் தவறில்லை, ஆனால் அவர் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை ட்ரே, எந்தப் பற்களில் அட்டாச்மென்ட் என்னும் சிறு புடைப்புகள் ஒட்டப்படும், பற்களுக்கிடையே எனாமலைத் தேய்ப்பார்களா, தேய்த்தால் எவ்வளவு என்பதையும் கணினித் திட்டத்தைத் திறந்து காட்டிச் சொல்லச் சொல்லுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில காலத்துக்கு முன் ஓர் இளைஞர் பிரிக்காத பதினாறு ட்ரே உறைகளை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அப்போது அவர் அணிந்திருந்தது ஒன்பதாவது ட்ரே. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்பினேன். மேல் கோரைப்பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே வெற்றிடம் இருந்தது, கருவியின் முனை தாராளமாக உள்ளே போயிற்று. அந்தப் பல் ஐந்தாவது ட்ரேவிலேயே பின்தங்கியிருக்க வேண்டும். நேரில் பார்க்க யாரும் இல்லாததால், செயலி சொன்னபடி பத்து நாளுக்கொரு முறை அடுத்த ட்ரேவை மாட்டிக்கொண்டே வந்திருக்கிறார். அவருக்கு ட்ரே கொடுத்த நிறுவனத்தின் கிளை மூடப்பட்டுவிட்டது. தவணை மட்டும் மாதந்தோறும் அவருடைய கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. பழைய கடனை அடைத்துக்கொண்டே புதிதாகக் கம்பிக் கிளிப்புக்கும் பணம் கட்டிய அவரை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

தவணை ஏன் நிற்கவில்லை என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். இத்தகைய திட்டங்களில் நீங்கள் பெரும்பாலும் கடன்பட்டிருப்பது அலைனர் நிறுவனத்திடம் அன்று, ஒரு வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோதான். அவர்கள் சிகிச்சைக்கான தொகையை முதலிலேயே மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். சிகிச்சை பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. அமெரிக்காவில் ஸ்மைல்டைரக்ட்கிளப் என்ற நிறுவனம் 2014இல் தொடங்கி, வீட்டுக்கே அலைனர் அனுப்பிப் பெரிதாக வளர்ந்தது. 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து, டிசம்பரில் ஒரேயடியாக மூடியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு உதவி நின்றுபோனது. தவணைத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் மட்டும் தொடர்ந்து பணம் கட்ட வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது.

அடுத்து, "வட்டியில்லா" என்ற சொல். முழுப் பணத்தையும் இன்றே கட்டினால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். 1,08,000 என்று சொன்னால், அந்த 12,000தான் வட்டி. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் அது ஆண்டுக்குச் சுமார் 20 சதவீத வட்டிக்குச் சமம். செயல்பாட்டுக் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் தனியாக வரலாம். இத்தகைய கடன்களுக்கு எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் கொடுப்பவர் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அந்தத் தாளைப் படிக்காமல் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள்.

சிகிச்சை நகர நகரப் பணம் கட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது: பரிசோதனைக்கும் திட்டத்துக்கும் ஒரு தொகை, ட்ரே வந்ததும் ஒரு தொகை, மீதியை வருகைதோறும். கம்பிக் கிளிப்புக்கு நம் ஊர் மருத்துவர்கள் பலர் காலங்காலமாக இப்படித்தான் வாங்குகிறார்கள். அலைனருக்கும் கேட்டால் ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மொத்தத் தொகையில் எவையெல்லாம் அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் தொகுதி முடிந்ததும் மீண்டும் ஸ்கேன் எடுத்துக் கூடுதல் ட்ரே செய்ய வேண்டி வருவது மிகச் சாதாரணம். அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். தொலைந்த ட்ரேவுக்கு என்ன விலை, ஊர் மாறினால் என்ன செய்வது, நகர்த்திய பற்களை அதே இடத்தில் நிறுத்திவைக்கக் கடைசியில் தரும் ரிட்டெய்னர் சேர்த்தா என்பதும் அதில் இருக்கட்டும். ரிட்டெய்னரை இரவில் பல ஆண்டுகள் அணியாவிட்டால் பற்கள் பழைய இடத்தை நோக்கித் திரும்பிவிடும் என்பதால், அதைச் சில்லறைச் செலவாக எண்ண வேண்டாம். மருத்துவக் காப்பீடு இதற்குக் கைகொடுக்கும் என்று பொதுவாக எதிர்பார்க்க முடியாது.

45,000 ரூபாய் சொன்ன மருத்துவரிடம் நிபுணர் வரும் நாளில் ஒருமுறை சென்று எக்ஸ்ரேயோடு கருத்துக் கேளுங்கள். அதன் பிறகும் வெளியே தெரியாத சிகிச்சைதான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், கூடுதல் தொகையை அதற்காகத் தருகிறீர்கள் என்ற தெளிவோடு அலைனரைத் தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: அலைனருக்கு முழுப் பணமும் கட்டிவிட்டேன். நான்கு மாதமாக ட்ரே வரவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கடைசியாகச் சரியாகப் பொருந்திய ட்ரேவை இரவில் அணிந்துகொண்டு, உடனே ஒரு பல் சீரமைப்பு நிபுணரைப் பாருங்கள். நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். பயன் இல்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். கடன் வாங்கிக் கட்டியிருந்தால் தவணையைத் திடீரென நிறுத்தாதீர்கள், உங்கள் சிபில் மதிப்பெண்தான் கெடும். கடன் கொடுத்தவருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள்.

கேள்வி: 13 வயது மகளுக்குப் பல் எத்தலாக இருக்கிறது. அலைனர்தான் வேண்டும் என்கிறாள். எங்களுக்கு அவ்வளவு வசதியில்லை.
– ஒரு தாய், செங்கல்பட்டு

பதில்: இந்த வயதில் கம்பிக் கிளிப் மிக நன்றாக வேலை செய்யும், அம்மா. பணம் குறைவாகக் கொடுத்ததால் மகளுக்குக் குறைவான சிகிச்சை கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புக்கென்றே தனித் துறை இருக்கிறது. பேராசிரியர்களின் மேற்பார்வையில் எம்.டி.எஸ். மாணவர்கள் மிகக் குறைந்த செலவில் சிகிச்சை தருகிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், மாதம் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கும். பள்ளி விடுமுறையில் முதல் பரிசோதனைக்குக் காலையிலேயே சென்றுவிடுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.