‘நானோ’ படிக்கணும் என்கிற பொண்ணுக்கு எந்தப் பட்டம்?

வணக்கம்ங்க. எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கிற எல்லையில் நானோ துகள்கள் என்ன செய்கின்றன என்று ஆராயணும், அதுதான் என் படிப்பு என்று பிளஸ் டூ படிக்கும்போதே உங்கள் மகள் சொல்கிறாள் என்றால், நல்ல கேள்வியைப் பிடித்திருக்கிறாள். ‘அதில் வேலை கிடைக்குமா’ என்ற உங்கள் கவலையும் நியாயமானதுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இளநிலையில் ‘நானோ’ என்று பெயர் போட்ட பட்டம் வேண்டாம். வேதியியலோ கெமிக்கல் இன்ஜினியரிங்கோ எடுக்கட்டும். ஏன் என்பது பாடத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

சோப்பு மூலக்கூறு எண்ணெய்–நீர் எல்லையில் ஒட்டும், விலகும், மறுபடி ஒட்டும். வெப்ப அசைவே (வெப்பத்தால் மூலக்கூறுகள் ஓயாமல் ஆடுவதே) அதை வெளியே தள்ளப் போதும். துகள் அப்படியில்லை. அதை எல்லையிலிருந்து பிடுங்கத் தேவையான ஆற்றல் = பை × ஆரத்தின் இருமடி × இடைமுக இழுவிசை × (1 − சேர்கோணத்தின் கொசைன்)-இன் இருமடி. இடைமுக இழுவிசை என்பது எண்ணெய்–நீர் எல்லை தன் பரப்பைச் சுருக்கப் பார்க்கும் இழுப்பு. சேர்கோணம் என்பது எல்லை துகளைத் தொடும் இடத்தில் நீர்ப்பக்கமாக அளக்கும் கோணம், துகளுக்கு நீர் பிடித்தால் சிறியது, எண்ணெய் பிடித்தால் பெரியது. கோணம் 90 டிகிரி வரை இதை அப்படியே போடலாம். ஆரம் 10 நானோமீட்டர், கோணம் 90 டிகிரி, இழுவிசை மீட்டருக்கு 0.05 நியூட்டன் (ஹெக்சேன்–நீர் எல்லையில் ஏறத்தாழ இவ்வளவுதான்) என்று வைத்தால் விடை 1.6 × 10⁻¹⁷ ஜூல். அறை வெப்பநிலையில் வெப்ப அசைவின் ஆற்றல் அளவு 4.1 × 10⁻²¹ ஜூல். அதாவது சுமார் 3,800 மடங்கு. உட்கார்ந்த துகள் தானாக எழாது. ஆனால் ஆரம் 1 நானோமீட்டர் ஆனால் வெறும் 38 மடங்கு. 10 நானோமீட்டர் துகளிலேயே கோணம் 30 டிகிரிக்கு இறங்கினால் 70 மடங்கைத் தொடாது.

இந்தக் கணக்கை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். பிளஸ் ஒன் இயற்பியலில் பரப்பு இழுவிசையும், பிளஸ் டூ வேதியியலில் ‘புறப்பரப்பு வேதியியல்’ பாடமும் படித்த பிள்ளைக்கு இது எட்டும். விடை வந்ததும் ‘அப்போ கோணத்தை எப்படி மாற்றுவது?’ என்று அவளே கேட்டால், ஆர்வம் உண்மையானது என்று நம்பலாம். கோணம் 90-க்குக் கீழே இருந்தால் நீருக்குள் எண்ணெய்த் துளிகள், மேலே போனால் எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் என்று பால்மத்தின் (ஒன்றுக்குள் ஒன்று துளிகளாகக் கலந்து நிற்கும் எண்ணெய்–நீர்க் கலவை, எமல்ஷன்) வகையே மாறிவிடும்.

துகளால் நிலைநிறுத்திய பால்மத்துக்குப் பிக்கரிங் பால்மம் என்று பெயர். ராம்ஸ்டன் என்ற விஞ்ஞானி 1903-இல் இதைக் கவனித்தார். பிக்கரிங் 1907-இல் விரிவாக எழுதினார். பிக்கரிங்கின் அக்கறை பழத்தோட்டத்துக்கான மருந்துத் தெளிப்பில் இருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் உண்டாகும் தாமிரச் சேர்மத்தின் நுண்துகள்கள் எண்ணெயை நீரில் பிடித்து வைத்தன. நம் தென்னந்தோப்புகளில் அடிக்கும் போர்டோ கலவையின் உறவுக்காரப் பொருள்தான் அது.

ஆய்வகத்தில் காலம் போவது வேறு இடத்தில். 25 டிகிரியில் சுத்தமான நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். கருவி 68 காட்டினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்ணாடிப் பாத்திரத்தில் மிச்சமிருக்கும் சோப்பை. துகள்களைப் பிரிக்க அல்ட்ராசோனிக் கம்பியை இடைவிடாமல் ஓட்டினால் கலவை கொதிக்கும், கம்பி முனையிலிருந்து டைட்டானியத் துணுக்குகளும் உதிரும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்து விட்டுவிட்டு ஓட்டணும். இன்னொன்று: நடுநிலை நீரில் சிலிகா (மணலின் மூலப்பொருள்) துகளுக்கு நெகட்டிவ் மின்சுமை, எண்ணெய்–நீர் எல்லைக்கும் அதுவே. ஒன்றையொன்று தள்ளுவதால் துகள் எல்லைக்கே வராது. கொஞ்சம் உப்பு சேர்த்தால் தள்ளுவிசை குறையும், கூடுதலாகப் போட்டால் துகள்கள் தங்களுக்குள் ஒட்டிக் கட்டிகட்டியாகிவிடும். மூன்றுமே வேதியியலில் அடித்தளம் இருந்தால்தான் பிடிபடும். மின்நுண்ணோக்கிப் படங்களை மட்டும் காட்டும் பாடத்திட்டம் இதற்குப் போதாது.

வேலை விஷயமும் இதே திசையில்தான். பெயின்ட், அழகுசாதனம், மருந்து, பூச்சிமருந்து, துணிப் பதனிடும் ரசாயனம் என்று இந்தத் துறைகளில் பெரும்பாலான நிறுவனங்களில் ஃபார்முலேஷன் (பொருள்களைச் சரியான விகிதத்தில் கலந்து தயாரிப்பை உருவாக்கும்) பிரிவு உண்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் துணிக்கு மென்மை தரும் சிலிக்கான் சாஃப்ட்னரும் ஒரு பால்மமே. துணியை நனைக்கும் தொட்டியில் காரமோ உப்போ மிச்சமிருந்தால் அது உடைந்து துணியில் எண்ணெய்க்கறை விழும், அனுப்பிய சரக்கு மொத்தமும் திரும்பி வரும். ஏன் உடைந்தது என்று சொல்லத் தெரிந்தவருக்கு நம் ஊரிலேயே மதிப்பு இருக்கிறது. ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது வேதியியல் அல்லது கெமிக்கல் பட்டம். ‘நானோ’ பட்டம் அதற்கு ஈடா என்று ஒவ்வொரு விளம்பரத்துக்கும் விளக்கம் சொல்லும் நிலை பிள்ளைக்கு வேண்டாம்.

வழி இரண்டு. கணக்கு நன்றாக வந்தால் பி.டெக். கெமிக்கல்: கோவை தொழில்நுட்பக் கல்லூரியிலும் (சி.ஐ.டி.) பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரியிலும் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வு கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பிறகு எம்.டெக்.குக்கான கேட் தேர்வு எழுதலாம். ஆய்வகம்தான் பிடிக்கும் என்றால் பி.எஸ்சி. வேதியியல், மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு, அதன் வழியாக ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., அப்புறம் ஆராய்ச்சிக்கான நெட் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டுவாடகைப் படியும். முனைவர் படிப்புக்கு வீட்டுக்காசு தேவைப்படாது. நானோ என்ற பெயர் எம்.எஸ்சி.யிலோ ஆய்விலோ வரட்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மாம்பழம் சீக்கிரம் கெடாமலிருக்க ஹெக்சனால் என்ற தாவரச் சேர்மத்தின் நானோ பால்மத்தை உருவாக்கிய வேலை அங்கே நடந்ததுதான்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இழுவிசை அளக்கும் கருவியும் துகள் அளவு பார்க்கும் கருவியும் இருக்கிறதா, இளநிலை மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று கேளுங்கள். கருவியின் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைசிப் பதிவு போன வருஷத்தது என்றால் அடுத்த கல்லூரியைப் பார்க்கலாம்ங்க.